பிரான்சு ஸ்டிரைக்குக்கு எங்க ஊர்ல கட்டின பிராது

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கோயிலுக்குப் போயி முருகன்கிட்ட ஒரு பிராது கட்டிட்டு, வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிட்டு வரணும்.

பாலை மட்டும் ஒழுங்கா வாங்கிட்டு வந்தேன்.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு விளக்கம். விருத்தாசலம் பக்கம் யாருக்காவது மாடு காணாம போனாலோ, பங்காளி வரப்பை நகத்திட்டாலோ, மருமக பேச மாட்டேன்னாலோ, எங்க முருகனுக்கு ஒரு பேப்பர்ல பேரு, விலாசம், விஷயம் எழுதிப் பிராது குடுப்பாங்க. சாமி முன்னாடி வச்சு எடுத்து, சின்னதா மடிச்சு, நூல் சுத்தி, முனியப்பர் சன்னிதி வேல்ல கட்டிடணும். மூணு நாளோ, மூணு வாரமோ, மூணு மாசமோ, தீர்ப்பு வந்துடும்னு நம்பிக்கை.

இதுல ஒரு விசேஷம் இருக்குது. கட்டணம் கிலோமீட்டர் கணக்கு. பிரச்சினை எந்த ஊர்ல இருக்கோ, அந்த ஊர் வரைக்கும் சாமி போயி விசாரிச்சுட்டு வரணும் இல்லையா? ஸ்ரீமுஷ்ணம்னா ஒரு தொகை. சேலம்னா ஒரு தொகை.

எங்க வூட்டுப் பிரச்சினை பிரான்சுல இருந்துச்சு.

அக்காவைக் கட்டிக் குடுத்தது பாண்டிச்சேரியில. மாமா குடும்பம் தாத்தா காலத்துலேர்ந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. இப்ப லியோன்ங்கிற ஊர்ல இருக்காங்க. அவங்க பொண்ணுக்குக் காதுகுத்து. புள்ளைய தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். தாய்மாமன்னா நான்தான். ஒரே ஆளு. ஸ்பேர் கிடையாது.

எனக்கும் அம்மா அப்பாவுக்கும் விசா வந்தாச்சு. பாரிசு வரைக்கும் பிளேன் டிக்கெட் போட்டாச்சு. அங்கேர்ந்து லியோனுக்கு ரயில்ல போயிடலாம்னு பிளான்.

ரயில்காரங்க ஸ்டிரைக்குன்னாங்க.

சரி, மாமா கார் எடுத்துட்டு வரட்டும்னோம். மாமா ஏணியிலேர்ந்து விழுந்து கால்ல மாவுக்கட்டு.

சரி, வேற ஏதாவது பாக்கலாம்னு பாத்தா, பெட்ரோல் சுத்திகரிக்கிற ஆலையிலயும் ஸ்டிரைக்கு. முக்கால்வாசி பங்குல பெட்ரோல் இல்ல. இருக்கிற பங்குல தேர்த் திருவிழாக் கூட்டமாம்.

அக்கா போன்ல தீர்ப்பு சொன்னா: "தம்பிதான் லைசென்ஸ் வச்சிருக்கானே. ஏர்போர்ட்லயே வாடகைக் கார் எடுத்து அவனே ஓட்டிட்டு வரட்டும். இங்க டிரைவர்லாம் தர மாட்டாங்க, சாவிய மட்டும்தான் தருவாங்க."

அம்மா முகத்துல ஒரு பூரிப்பு. அன்னிக்குச் சாயங்காலமே தெருவுக்கே தெரியும், நான் பாரிசுல கார் ஓட்டப் போறேன்னு.

ஒருத்தனுக்கு மட்டும்தான் அதுல சந்தோஷம் இல்ல. எனக்கு.

ஏன்னா, எனக்கு லைசென்ஸ் இருக்குது. ஓட்டத்தான் தெரியாது.

சிரிக்காதீங்க. இது நாட்டுல பாதிப் பேருக்கு இருக்கிற வியாதிதான். எனக்குக் கொஞ்சம் முத்திப்போச்சு, அவ்வளவுதான். நான் வேலை பாக்கிறது செராமிக் தொழிற்பேட்டையில, பொம்மை செய்யிற ஒரு யூனிட்டுல. பேட்டை ரோடு அகலமா இருக்குதுன்னு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அங்கதான் கத்துக் குடுத்தாரு. மூணாவது நாளு ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன். சூளைக்குப் போறதுக்கு வெளியில காய வச்சிருந்த பச்சைப் பொம்மை, வரிசை வரிசையா வாத்து. அதுக்கப்புறம் அது வாத்து இல்ல, களிமண்ணு. டெஸ்ட் அன்னிக்கு ஸ்டீயரிங் என் கையில இருந்துச்சு. மத்ததெல்லாம் பக்கத்து சீட்டுல இருந்த மாஸ்டரோட காலு பாத்துக்கிச்சு.

நான் தாத்தா கதை கேட்டு வளந்தவன். அந்தக் கதைங்கள்ல ராஜகுமாரன் ஏழு கடலத் தாண்டுவான், ஏழு மலையத் தாண்டுவான். எந்தக் கதையிலயும் கிளட்ச்சுன்னு ஒண்ணு வரல.

அப்பா ரிட்டயரான அரசு பஸ் டிரைவர். கண் ஆபரேஷனுக்கப்புறம் லைசென்ஸைப் புதுப்பிக்கல. அவர்கிட்ட உண்மையச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா என் குரல் பந்தியில பக்கத்து எலைக்காரருக்கே கேக்காது. அவர் காது முப்பது வருஷம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்துல உக்காந்த காது.

"அப்பா, எனக்கு வந்து... கார் வந்து..."

"ஆமாம்டா, கார்தான். பஸ்ஸுன்னா நான் பாத்துக்க மாட்டேனா?"

முடிஞ்சுது.

அன்னிக்கே அப்பா ஒரு நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு, அக்காவை வீடியோ கால்ல உக்கார வச்சு பிளான் போட ஆரம்பிச்சாரு.

"ஏர்போர்ட்லேர்ந்து உன் வூடு எத்தினி கிலோமீட்டரும்மா?"

"நானூத்தி அறுவது, எழுவது வரும்ப்பா."

"நடுவுல டீ எங்க நிக்கும்? நம்ம வேப்பூர் மாதிரி ஒரு எடம் இருக்கும்ல?"

"டீ நிக்காதுப்பா. நாமதான் நிக்கணும்."

"பெட்ரோலு?"

"ஏர்போர்ட்ல நிரப்பித் தருவாங்க. வழியில கிடைக்குமான்னு சொல்ல முடியாது."

அப்பா யோசிச்சாரு. "அப்ப இங்கேர்ந்து ரெண்டு கேனு எடுத்துட்டு வந்துடறேன்."

"ஐயோ அப்பா! பிளேன்ல பெட்ரோலா? பிடிச்சு உள்ள வச்சிடுவான்!"

"காலிக் கேனும்மா. அங்க வந்து நிரப்பிக்கலாம்."

"இங்க கேன்ல பிடிக்கவே தடை போட்டிருக்காங்க."

"பாட்டில்ல?"

அக்கா போனை மாமாகிட்ட குடுத்துட்டுப் போயிட்டா. மாமா மாவுக்கட்டைக் காட்டினாரு. அந்தக் கட்டைப் பாத்து நான் அன்னிக்குப் பட்ட பொறாமை எனக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்கு இந்த நோட்டுலயெல்லாம் நம்பிக்கை இல்ல. "ஸ்டிரைக்கு முடிஞ்சா எல்லாம் சரியாப் போயிடும். நாளைக்கே கோயில்ல பிராது கட்டு"ன்னாங்க.

அப்பாவுக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அவர் சர்வீஸ்ல நடந்த ஒரு ஸ்டிரைக்கையும் விட்டவர் இல்ல. "கூலி கேட்டு உக்காந்திருக்கிறவன் மேல பிராதா? என் வூட்டுலேர்ந்தா? அவன் வயிறு உனக்குத் தெரியுமா?"

"உங்க ஸ்டிரைக்கைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க! என் தம்பி கல்யாணத்துக்குக் கரும்பு லாரியில போயி எறங்கினவ நானு. பட்டுப்பொடவை பூரா தோகை! போட்டோவுல இன்னும் இருக்குது!"

அப்பா நோட்டை மூடிட்டாரு.

மறுநாள் காலையில அம்மா தன் கைப்பட எழுதின பிராதைக் குடுத்தாங்க. பிரான்சுல ஆலை ஸ்டிரைக்கு முடியணும், பங்குல பெட்ரோல் வரணும். நல்ல கையெழுத்து.

வாசல் தாண்டறேன். அப்பா பின்னாடியே வந்து இன்னொரு பேப்பரை என் சட்டைப் பையில திணிச்சாரு. மடிச்சு, நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடிச்சிருந்தாரு.

"இதையும் கட்டிடு. பிரிக்காத. உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்."

பிரிக்கத் தேவையே இல்ல. ஸ்டிரைக்கு ஜெயிக்கணும்னு எழுதியிருப்பாரு. ஒரே வூட்டுலேர்ந்து ரெண்டு எதிர்ப் பிராது. முருகனே வாய்தா போட வேண்டிய கேஸு.

துணைக்குக் கொளஞ்சியக் கூப்பிட்டேன். என்கூட யூனிட்டுல வேலை பாக்கிறவன். வாத்துச் சம்பவத்துக்கு நேர்ல சாட்சி. அவன் பைக்குலதான் போனோம்.

"அங்கல்லாம் வண்டி ரோட்டுல வலது பக்கம் போவணுமாமே மச்சான்?"

"ஆமாம்டா."

"உனக்கென்ன, எந்தப் பக்கமா இருந்தா என்ன? வண்டி நகந்தாத்தானே!"

சொல்லி வாய மூடல, பைக்கு ரெண்டு இருமல் இருமிட்டு நின்னுடுச்சு. டேங்கைத் திறந்து குலுக்கிப் பாத்தான். சத்தமே இல்ல.

பிரான்சு நாட்டுப் பெட்ரோல் தட்டுப்பாட்டுக்குப் பிராது கட்டப் போற வழியில, பெட்ரோல் இல்லாம, மணிமுத்தாத்துக் கரை வெயில்ல பைக்கைத் தள்ளிக்கிட்டுப் போன ஆளுங்க உலகத்துல நாங்க ரெண்டு பேருதான் இருப்போம்.

"என் பைக்கையும் சேத்து எழுதிடு மச்சான்"ன்னான். இவன்லாம் ஒரு துணை.

தள்ளும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு கட்டினா என்ன?

கோயில் வாசல்ல ஒரு வெள்ளைப் பேப்பர் வாங்கி எழுதினேன்: 'முருகா, நான் பிரான்சுல கார் ஓட்டுற நிலைமை வரக் கூடாது. ஆனா காதுகுத்து என் மடியிலதான் நடக்கணும். எப்படின்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும்.'

கட்டணச் சீட்டுப் போடுற எடத்துல வரிசை. எனக்குப் பின்னாடி கம்மாபுரத்துக்காரர் ஒருத்தர், கையில மஞ்சப்பை. அவருக்குப் பின்னாடி ஆடு தொலைச்ச ஒரு அம்மா. என் முறை வந்துச்சு.

"எந்த ஊருக்குப்பா?"ன்னாரு சீட்டு எழுதுற பெரியவர்.

"பிரான்சுங்க."

"சத்தமாச் சொல்லு."

"பிரான்சுங்க!"

மொத்த வரிசையும் திரும்பிடுச்சு. வாழ்க்கையில முத தடவையா என் குரல் எல்லாருக்கும் கேட்டது அன்னிக்குத்தான்.

பெரியவர் பேனாவைக் கீழ வச்சாரு. "எத்தினி கிலோமீட்டரு?"

கொளஞ்சி போனைத் தட்டினான். "ரோடு காட்ட மாட்டேங்குதுங்க. வழியே இல்லேங்குது."

"சாமி எதுக்குப்பா ரோட்டுல போறாரு? மயில்லதானே போறாரு. நேர்க்கோடு பாரு."

"எட்டாயிரத்துக்குப் பக்கமா வருதுங்க."

"அம்மாடி!"ன்னாங்க ஆடு தொலைச்ச அம்மா. "அவ்ளோ தூரம் போயிட்டு என் ஆட்டை எப்ப தேடுறது? தம்பி, எனக்கு அப்புறம் கட்டு!"

கம்மாபுரத்துக்காரர் கேட்டாரு: "அங்க என்ன தம்பி பிரச்சினை?"

"ஸ்டிரைக்குண்ணே. பெட்ரோல் ஆலையில."

"ஏன், எங்க ஊர்ல சுரங்கத்துக்கு எடுத்த மாதிரி அங்கயும் நெலத்தை எடுத்துக்கிட்டு வேலை தரலியா?"

"இல்லண்ணே, சம்பளம் ஏத்திக் கேக்கிறாங்க."

"கேக்கட்டுமே. கேக்கிறவங்க மேலயா பிராது கட்ட வந்தே? பாத்தா பூனையாட்டம் இருக்கே, பண்ற வேலையப் பாரு!"

"எனக்கில்லண்ணே, எங்கம்மாவுக்கு..."

"பெத்த தாயி மேல பழி போடுறான் பாரு!"

கொளஞ்சி இதுக்குள்ள ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டான். என்கூட வந்தவன் இல்லையாம், ஆட்டுக்காரம்மாகூட வந்தவனாம்.

பெரியவர்தான் காப்பாத்தினாரு. "குடுப்பா, பேரு விலாசம் சரியா இருக்குதான்னு பாக்கிறேன்"ன்னு மூணு பேப்பரையும் வாங்கினாரு. அம்மாவோடதைப் படிச்சாரு. தலையாட்டினாரு. அப்பாவோட ஸ்டேப்ளரைப் பிரிச்சாரு. படிச்சாரு. கண்ணாடிக்கு மேல என்னை ஒரு பார்வை பாத்தாரு, தலையிலேர்ந்து கால் வரைக்கும். அப்புறம் என்னோடதைப் படிச்சாரு. மறுபடியும் ஒரு பார்வை.

"மூணும் ஒரே வூடா?"

"ஆமாங்க."

"நல்ல குடும்பம்"ன்னு சொல்லி சீட்டைப் போட்டாரு.

மூணையும் கட்டிட்டு, பால் வாங்கிட்டு, பைக்கைத் தள்ளிக்கிட்டே வந்து சேந்தோம்.

பத்தாவது நாளு அக்கா போன் பண்ணினா. ஆலையில ஸ்டிரைக்கு முடிஞ்சுதாம். கேட்ட சம்பளத்துல பெரும்பகுதி குடுத்துட்டாங்களாம். பங்குல லாரி வந்து எறங்குதாம். ரயில்காரங்க மட்டும் இன்னும் உக்காந்திருக்காங்களாம்.

கார்தான். வேற வழியே இல்ல.

அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "பாத்தியா, என் பிராது!"

நான் அப்பாவைப் பாத்தேன். அவங்கதானே ஜெயிச்சிருக்காங்க, அவர் துள்ளிக் குதிக்கணுமே? மனுசன் மூஞ்சி பஞ்சரான டயர் மாதிரி இருந்துச்சு.

"என்னப்பா, உங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாங்கல்ல?"

"சந்தோஷந்தான்"ன்னாரு, பென்ஷனை நிறுத்திட்டாங்கன்னு சொல்ற குரல்ல.

கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்தாரு. "கொளஞ்சி சித்தப்பா கார் ஒண்ணு நிக்குதாமே. வா, பேட்டை ரோட்டுல ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு."

போனோம். எங்க யூனிட்டுக்கு எதிர்லதான் கார் நின்னுச்சு. நான் டிரைவர் சீட்டுல. அப்பா பக்கத்துல. பெல்ட்டைப் போட்டேன். கண்ணாடியைச் சரி பண்ணினேன். சீட்டை முன்னாடி தள்ளினேன். பின்னாடி தள்ளினேன். மறுபடியும் கண்ணாடி.

"சாமி கும்பிட்டு முடிச்சாச்சுன்னா வண்டிய எடு"ன்னாரு அப்பா.

எடுத்தேன். வண்டி ஒரு குதி குதிச்சு நின்னுச்சு. மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் குதி.

அப்பதான் அது நடந்துச்சு. எதிர்ல யூனிட்டு வாசல்ல பொம்மை காயப் போட்டுக்கிட்டிருந்த அக்காங்க நாலு பேரு நிமிந்து பாத்தாங்க. யாரு உக்காந்திருக்கான்னு பாத்தாங்க. யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லல. அப்படியே பலகை பலகையா பொம்மைங்களத் தூக்கி உள்ள கொண்டுபோக ஆரம்பிச்சாங்க.

மழை வந்தாத்தான் அப்படி எடுப்பாங்க. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல.

ஒரு அக்கா கடைசி வாத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, "மெதுவாத் தம்பி, இன்னும் ஒரு பலகை இருக்குது!"ன்னு கையக் காட்டினாங்க.

அப்பா அதைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

இதுக்கு மேல மறைக்க என்ன இருக்குது? இன்ஜினும் நின்னு போயிருந்துச்சு. "அப்பா, எனக்கு ஓட்டத் தெரியாது"ன்னேன். கத்தியே சொன்னேன்.

"தெரியும்டா"ன்னாரு அப்பா. "ஏன் கத்துற?"

"தெரியுமா?"

"வாத்தை ஏத்தினியே, அன்னிக்குச் சாயங்காலமே ஊருக்கே தெரியும். உங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியாது. அவ தெரு பூராச் சொல்லிட்டா, பையன் பாரிசுல ஓட்டுவான்னு. எப்படி நான் போட்டு உடைக்கிறது? அதான் முருகன்கிட்ட எழுதினேன், என் மகன் பிரான்சுல கார் ஓட்டாம நீயே தடுத்துடுன்னு."

ஸ்டேப்ளர். அந்தப் பெரியவரோட பார்வை. நல்ல குடும்பம். எல்லாம் அப்பதான் விளங்குச்சு.

"நானும் அதையேதான்ப்பா எழுதினேன்."

அப்பா ரொம்ப நேரம் சிரிச்சாரு. அந்தக் கார்ல அன்னிக்கு ஒழுங்கா ஓடினது அந்தச் சிரிப்பு ஒண்ணுதான். "சரி வா, அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்"னு சொல்லி இறங்கப் போனாரு.

போன் அடிச்சுது. அக்கா. ஸ்பீக்கர்ல போட்டேன்.

"தம்பி, நீங்க யாரும் கெளம்ப வேணாம்! ஸ்டிரைக்குல பாதிப் பேரு வர முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னு இங்க மண்டபத்தையே விட்டுட்டோம். என் மாமியாரும் குலதெய்வக் கோயில்லதான் காது குத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நாங்களே ஊருக்கு வரோம். அதே நாளு, உன் மடியிலயே!"

நானும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஆலை ஸ்டிரைக்கு முடிஞ்சுது, கேட்டவங்களுக்குச் சம்பளம் கிடைச்சுது, காதுகுத்து என் மடியில, பிரான்சுல நான் கார் ஓட்டப் போறதில்ல. மூணு பிராதும் வரிக்கு வரி நிறைவேறிடுச்சு. எட்டாயிரம் கிலோமீட்டர் போயிட்டு வந்த சாமி!

"உங்க டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிக்கலாம்னு மாமா சொல்லிட்டாரு"ன்னு அக்கா தொடர்ந்தா. "அப்புறம் தம்பி, மீனம்பாக்கத்துல உன் பேருக்கு ஒரு வாடகைக் கார் புக் பண்ணிட்டாரு. பெரிய கார். நாங்க, மாமியாரு, மாமா காலு, எல்லாம் பிடிக்கணும்ல? பாரிசுலயே ஓட்ட இருந்த ஆளு நீ. மெட்ராஸ்லேர்ந்து ஓட்டிட்டு வர்றதா பெரிய விஷயம்? அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அம்மா தெருவுல சொல்லிட்டாங்களாம்!"

போன் கட்டாச்சு.

எதிர்ல அக்காங்க பொம்மைப் பலகைங்களத் திரும்ப வெளியில கொண்டாந்து வச்சுக்கிட்டிருந்தாங்க.

அப்பா சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்தாரு. "ரெண்டு பேருமே 'பிரான்சுல'ன்னு எழுதினோம் பாரு, அங்கதான் தப்பு. இந்தத் தடவை 'எங்கயும்'னு எழுதிடலாம்."

இப்ப கோயில் வரிசையில நின்னுக்கிட்டேதான் இதை டைப் பண்றேன். ஒரே நல்ல விஷயம், இந்தத் தடவை கிலோமீட்டர் கம்மி.